மறு: எளிய வடிவங்களால் விலங்கு முகம் வரைதல்: ‘வடிமுகம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் என்ற முறையில், வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மறுமொழியாக எழுதுகிறேன். நீளமான மடல்தான், பொறுமையாகப் படியுங்கள். கிருஷ்ணகிரியிலும் தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறோம். அதற்கான கையேடு பெரும்பகுதி எழுதியாகிவிட்டது, நடுவில் ஒரு பாடத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பு இல்லை. அந்தத் தலைப்புக்காகத்தான் இத்தனை பேரையும் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன்.

பொருளை மறுபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வந்த பரிந்துரைகளில் பாதி வேறு எதற்கோ பெயர் வைக்கின்றன. ஒரு விலங்கின் முகத்தை வட்டம், முக்கோணம், சரிவகம், அரைவட்டம், முட்டை வடிவம் என்று சில எளிய வடிவங்களாகப் பிரித்துப் பார்க்கிறோம். அந்த வடிவங்களையே சேர்த்து, தேவையில்லாததை விட்டு, அந்த விலங்கை அந்த விலங்காகக் காட்டுவது எதுவோ அதை மட்டும் சற்று அழுத்திச் சொல்லி, பார்த்த உடனே ‘நரி’, ‘கிடா’ என்று வாயில் வரும்படி வரைகிறோம். ஆங்கிலத்தில் ஸ்டைலைஸ்டு அனிமல் போர்ட்ரெய்ட் என்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் தலைப்பாக எழுதவும், வீட்டுக்குப் போய் ‘இன்னிக்கு நான் ஒரு புலி இது போட்டேன்’ என்று சொல்லவும் ஒரு சொல் வேண்டும். அந்த ‘இது’ இருக்கும் இடத்தில் நாலைந்து சொல் கொண்ட தொடரை வைக்க முடியாது.

‘எளிமைப்படுத்திய விலங்கு உருவப்படம்’ என்பதற்குத்தான் அதிக ஆதரவு வந்திருக்கிறது. பொருள் விளக்கமாக அதை ஏற்றுக்கொள்ளலாம், பெயராக முடியாது. ‘உருவப்படம்’ என்ற சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? சட்டமன்றத்தில் தலைவரின் உருவப்படத்தைத் திறந்துவைக்கிறார்கள். வீட்டில் பெரியவர் இறந்து காரியம் முடிந்தால் படத்திறப்பு. மாலை போட்ட படத்தின் நினைவு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒரு ஆட்டின் முகத்தை மூன்று முக்கோணத்தில் போட்டுச் சிரிக்கிற பிள்ளையிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதைவிடப் பெரிய தடை ‘எளிமைப்படுத்திய’ என்பதில் இருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத விரும்புகிறேன், ஏனென்றால் சொல் தவறினால் பாடமே தவறிப்போகும்.

ஆலம்பாடி மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தில், அதுவும் பென்னாகரம் பக்கம், தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். காங்கேயம், பர்கூர், அள்ளிகார் மாடுகளோடு ஒரே வகையில் வைக்கிற இனம் (இந்தப் பர்கூர் அந்தியூர் மலைமேல் இருக்கும் பர்கூர், நம் கிருஷ்ணகிரிப் பர்கூர் இல்லை). கருஞ்சாம்பல் நிறம், முன்னே புடைத்த நெற்றி, நெற்றி நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம். கொம்புகள் உச்சந்தலையில் ஒன்றுக்கொன்று நெருக்கமாகப் புறப்பட்டுப் பின்பக்கமாக வளையும். இப்போது இணையத்தில் ‘பசு வரைவது எப்படி’ என்று தேடிப் பாருங்கள். அகலமான சதுர முகம், வெள்ளையில் கறுப்புத் திட்டு, இளஞ்சிவப்பு மூக்கு, தலையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு குட்டைக் கொம்பு. அது ஐரோப்பியக் கறவை மாடு. எளிமையாகத்தான் இருக்கிறது, வட்டமும் சதுரமும்தான். ஆனால் அதைப் பார்த்து வரைகிற பிள்ளையின் தாளில் தன் வீட்டுக் கட்டுத்தறியில் நிற்கிற மாடு வருவதே இல்லை. கொம்பை இரண்டு ஓரத்திலிருந்தும் பிடுங்கி உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, சதுரத்தை நீளமான, அகலம் குறைந்த சரிவகமாக மாற்றி, நெற்றியில் ஒரே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வடிவங்களின் எண்ணிக்கை அதேதான், ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் எருது விடும் விழாவுக்குப் போய்வந்த எந்தப் பிள்ளையும் ‘இது நம்ம ஊர் எருது’ என்று சொல்லிவிடும்.

கரடியும் அப்படித்தான். படங்களில் வருகிற கரடி உருண்டைத் தலை, உருண்டைக் காது, சின்ன மூக்கு. நம் காட்டில் இருப்பது தேன்கரடி. அதற்கு நீண்ட, வெளிறிய மூஞ்சி, காதெல்லாம் சடை, நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு. உருண்டை மூக்கை எடுத்துவிட்டு நீளமான ஒரு வெளிர்நிற முட்டை வடிவத்தை வைத்தாலே கரடி மாறிவிடுகிறது. நரி என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஆரஞ்சு கிரேயானை எடுக்கிறார்கள், ஏனென்றால் காணொளியில் வருவது செந்நரி. முகத்துக்கு அடிப்படை என்னவோ அதே பட்ட வடிவம்தான் (கணக்குப் புத்தகத்தில் வரும் பட்டம், நாற்கர வகை), நிறம்தான் நம் ஊர் நரிக்குப் பழுப்பும் சாம்பலும்.

யானையைப் பற்றி இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதே இல்லை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் இறங்கினால், ராகிக் கொல்லைக்குக் காவல் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். ஆனால் தாளில் வரையும்போது உச்சி ஒரே மேடாக, காது தோள்வரை விரிந்து, ஆப்பிரிக்க யானையாகத்தான் வருகிறது. நம் யானைக்கு மத்தகம் இரண்டு மேடு, நடுவில் பள்ளம். இரண்டு வட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே தும்பிக்கைக்குக் குறுகிக்கொண்டே போகிற ஒரு நீண்ட வடிவத்தை இணைத்தால் போதும், காதைச் சின்னதாக்கிவிடலாம். ஒரு வட்டம் இரண்டு வட்டமானதை ‘எளிமைப்படுத்தல்’ என்று யாராவது சொல்வார்களா? வடிவம் கூடியிருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. இந்தக் கலையின் வேலை அதுதான். குறைப்பது அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

அடுத்து ‘பாணியாக்க ஓவியம்’. அகராதியில் ஸ்டைல் என்பதற்குப் பாணி என்று இருக்கிறது, அதோடு ஆக்கம் சேர்த்தாயிற்று, முறைப்படி சரி என்று திருச்சி ஐயா எழுதியிருந்தார். ஐயாவின் சொல்லாக்கங்கள் பலவற்றை நான் நன்றியோடு பயன்படுத்துகிறேன், இதில் மட்டும் மாறுபடுகிறேன். பாணி என்றால் நமக்கு ஒருவருடைய அல்லது ஒரு வட்டாரத்தினுடைய வழக்கமான முறை. தஞ்சாவூர்ப் பாணி, அந்தப் பாடகர் பாணி. யாருடைய பாணி என்ற கேள்வி கூடவே வந்துவிடும். பாணியாக்கு என்று பிள்ளையிடம் சொன்னால் யாரையோ பார்த்துச் செய் என்றுதான் கேட்கும். நான் சொல்ல விரும்புவது நேர் எதிரானது: உன் மாட்டைப் பார்த்து நீயே எடு.

‘கேலிச்சித்திரம்’ வேண்டாம், அது ஒருவரைக் குறிவைப்பது. ‘அரூப ஓவியம்’ வேண்டவே வேண்டாம், உருவம் மறைந்துவிட்டால் அரூபம், இங்கே உருவம் தெரிந்தே ஆக வேண்டும். ‘வடிவியல் ஓவியம்’ என்றால் பாய் முடைச்சல், தரை ஓடு, கோலம் எல்லாம் உள்ளே வந்துவிடும், விலங்கு அதில் காணாமல் போய்விடும். ‘கார்ட்டூன்’ என்று பிள்ளைகள் எல்லாவற்றையும்தான் சொல்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது புழக்கத்தில் இருப்பது உண்மை. ஆனால் திரையில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அதே பெயர் என்றால் இந்த ஒன்றைத் தனியாகச் சுட்ட அது உதவாது.

‘புனையா ஓவியம்’ என்ற பரிந்துரையைப் படித்ததும் எனக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. நெடுநல்வாடையில் அணிகலன் களைந்து இருக்கும் அரசிக்கு உவமையாக வரும் சொல், வண்ணம் தீட்டாமல் வடிவை மட்டும் கோடாக எழுதிய சித்திரம் என்று அதற்குப் பொருள். அழகான சொல், அதைக் கோட்டோவியத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் நம் பொருளில் பல நேரம் கோடே இருக்காது. வண்ணத் தாளை வெட்டி ஒட்டினாலும் அது இந்தக் கலைதான், தட்டையான நான்கு நிறத்தில் கணினியில் போட்டாலும் இந்தக் கலைதான். வண்ணமில்லாதது என்று பொருள்படும் சொல் அங்கே முரண்படும்.

இது இணையத்தில் வந்த புதுப் பழக்கம், வெளியூர்ச் சரக்கு, அதனால் பெயரும் வெளியூர்ப் பெயராகவே இருக்கட்டும் என்று வந்த மடலுக்கு மட்டும் சற்று அழுத்தமாகவே மறுமொழி சொல்ல வேண்டும். பெயர் கடன் வாங்குவதில் எனக்குப் பகை இல்லை, கிரேயானும் ஸ்கேலும் என் கையேட்டில் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் ‘வெளியூர்ச் சரக்கு’ என்ற காரணத்தை ஏற்க முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடியில் பாறையில் வெள்ளையாக எழுதியிருக்கும் குதிரை வீரனைப் போய்ப் பாருங்கள். உடம்புக்கு ஒரு பட்டை, கழுத்துக்கு ஒரு சாய்வு, கால்களுக்குக் கோடுகள். குதிரை என்பதில் யாருக்கும் ஐயம் வராது. மல்லச்சந்திரத்தில் பழங்கால ஈமச் சின்னங்களான கல்திட்டைகளிலும் இதே போல் வெள்ளை ஓவியங்கள் உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் புலியோடு போரிட்டு இறந்தவனுக்கு எடுத்த கற்களில், புலியின் உடம்பில் ஒரு மயிரைக்கூடக் காட்டாமல், வளைந்த வாலும் திறந்த வாயும் பாயும் நிலையும் வைத்தே அது புலி என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் நோக்கம் வேறு, வழிபாடும் நினைவும் சேர்ந்தது, அதை இந்தப் பாடத்துக்கு முன்னோடி என்று இழுத்துக் கட்ட நான் வரவில்லை. ஆனால் குறைவாகச் சொல்லி விலங்கைக் காட்டும் கண் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

முகம் மட்டும் தனியாக வேண்டுமென்றால் கோயிலில் இருக்கிறது: கீர்த்திமுகம். தோரணத்தின் உச்சியிலும் கூடுகளின் (கோயில் விளிம்பில் வரும் லாட வடிவ வளைவுகள்) மேலும் இருக்கும் அந்தச் சிங்க முகத்தை நிமிர்ந்து நிதானமாகப் பாருங்கள். பிதுங்கிய இரண்டு உருண்டைக் கண், சுருள் சுருளாகப் புருவம், மேல்வரிசைப் பல், பெரும்பாலும் கீழ்த்தாடையே இருக்காது. சிங்கத்தை நேரில் பார்த்தே இராத சிற்பிகூட, கையில் வந்த வடிவங்களைச் சேர்த்து அந்த முகத்தை எழுப்பிவிடுகிறான். அபிஷேக நீர் வெளியேறும் வாய்க்குக் கோமுகம் என்று பெயர். ஆக, விலங்கின் தலைப்பகுதியை மட்டும் எடுத்து ஒழுங்குபடுத்திய வடிவத்துக்கு ‘முகம்’ என்று முடியும் பெயர்கள் நம்மிடம் ஏற்கெனவே புழங்குகின்றன. அதனால் போர்ட்ரெய்ட் என்பதற்கு இங்கே ‘முகம்’ போதும் என்பது என் முதல் முடிவு. கழுத்தும் கொஞ்சம் தோளும் சேர்ந்து வந்தாலும் பரவாயில்லை, ‘முகம் வரைந்திருக்கிறான்’ என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இனி முன்பகுதி. நான் முன்வைப்பது ‘வடி’.

சோறு வடிக்கிறோம், கஞ்சி போய்ச் சோறு நிற்கிறது. சிலை வடிக்கிறோம். ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்ற புறநானூற்று வரியைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை, அங்கே அடித்துத் திருத்திக் கூராக்குவது. வேண்டாததை நீக்குவது, உருவம் கொடுப்பது, கூராக்குவது என்று மூன்று வேலையும் ஒரே வினைச்சொல்லில் இருக்கின்றன. நம் கலையில் நடப்பதும் அதே மூன்றுதான். மயிரையும் நிழலையும் நீக்குகிறோம், வடிவங்களால் உருவம் கொடுக்கிறோம், கொம்பையோ மத்தகத்தையோ கூராக்கிக் காட்டுகிறோம். போதாததற்கு ‘வடிவு’, ‘வடிவம்’ என்ற சொற்களும் பக்கத்திலேயே நிற்கின்றன, எளிய வடிவங்களால் ஆனது என்ற குறிப்பும் தானாகவே கேட்கிறது. இத்தனையும் சேர்ந்து வருகிற வேறு வினை எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

‘வடிமுகம்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வடித்த முகம், வடிக்கின்ற முகம், வடிக்கும் முகம் என மூன்று காலத்துக்கும் விரியும். நடுவில் ஒற்று மிகுமா மிகாதா என்ற சண்டையும் இல்லை. புலி வடிமுகம், ஆட்டு வடிமுகம், யானை வடிமுகம் என்று எந்த விலங்கோடும் சேரும். வினையாகச் சொல்ல ‘முகம் வடித்தல்’. முகம் மட்டுமல்லாமல் முழு உடம்பு என்றால் ‘வடியுரு’, மல்லபாடிக் குதிரையை அப்படிச் சொல்லலாம். ஸ்டைலைசேஷன் என்ற பொதுக் கருத்துக்கு ‘வடிப்பு’.

பிக்காசோ 1945 டிசம்பரில் தொடங்கி 1946 ஜனவரி வரை ஒரே காளையைக் கல்லச்சில் பதினொரு நிலைகளில் போட்டார். முதலில் சதையும் மயிருமாக முழுக் காளை, அப்புறம் உடம்பு பகுதி பகுதியாக வெட்டுப்படுகிறது, கடைசியில் சில கோடுகள் மட்டும். அந்தக் கடைசிக் காளை முதல் காளைக்குக் கொஞ்சமும் குறையாத காளையாக நிற்கிறது. அந்தப் பதினொன்றையும் வரிசையாக வைத்து இங்கே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டால், ‘எளிமைப்படுத்துகிறார்’ என்பதைவிட ‘வடிக்கிறார்’ என்பது எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ‘முதல் வடிப்பு, இரண்டாம் வடிப்பு’ என்று பெயர் சொல்லவும் வசதி. அமெரிக்க ஓவியர் சார்லி ஹார்ப்பர் (1922–2007) பறவைகளையும் விலங்குகளையும் வட்டம், முக்கோணம், நேர்கோடு என்று கருவிகளால் வரைந்தவர். தன் முறைக்கு அவர் வைத்த பெயரின் பொருள் ‘குறைந்த அளவில் மெய்ம்மை’ என்பது. அவரும் எளிமை என்ற சொல்லைப் பிடிக்கவில்லை, மெய்ம்மையைத்தான் விடாமல் பிடித்திருக்கிறார்.

இனி எதிர்ப்புகள். தனிமடலில் இந்தச் சொல்லை முன்னமே சிலரிடம் காட்டிக் கேட்டிருந்தேன், வந்தவற்றில் மூன்று முக்கியமானவை.

பால் வடியும் முகம் என்ற வழக்கு நினைவுக்கு வருகிறது, முகத்திலிருந்து எதுவோ வடிகிறது போலக் கேட்கிறது என்றார்கள். அது ‘வடிதல்’, தன்வினை. நாம் எடுப்பது ‘வடித்தல்’, பிறவினை. தொகையாகும்போது இரண்டும் ‘வடி’ என்றே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ‘வடிவேல்’ என்ற பெயரைக் கேட்டு யாரும் ஒழுகுகிற வேல் என்று எண்ணுவதில்லை. சொல் புழங்கப் புழங்கப் பொருள் நிலைத்துவிடும். பால் வடியும் முகத்தின் சாயல் கொஞ்சம் ஒட்டினாலும் கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி வரைகிற பிள்ளைகளுக்கு அது இனிமையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கனமானது. மென்பொருள் தமிழாக்கத்தில் ஃபில்டர் என்பதற்கு வடிகட்டி, வடிப்பி என்று வைத்திருக்கிறோம், எனவே கைப்பேசியில் முகத்துக்குப் பூனைக்காது ஒட்டுகிற ஃபில்டர்தான் ‘வடிமுகம்’ என்று குழப்பம் வரும் என்று சென்னையில் மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி எழுதினார். நல்ல கேள்வி. அதற்குச் சொல் வேண்டுமென்றால் ‘முகவடிகட்டி’ என்று முகம் முன்னால் வரும். கருவியைச் சொல்லும் ‘கட்டி’யும் ‘பி’யும் இதில் இல்லை. வடிமுகம் என்பது கிடைத்த பொருளின் பெயர், கருவியின் பெயர் அல்ல. இந்த வேறுபாடு போதும் என்று நினைக்கிறேன், தம்பிக்கு இன்னும் நிறைவில்லை என்றால் இங்கேயே தொடரலாம்.

மூன்றாவது எதிர்ப்பே அல்ல, ஆதரவாக முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா, அங்கே வடிவு என்றால் அழகு, ‘வடிவான முகம்’ என்று அன்றாடம் சொல்வோம், அதனால் பிள்ளைகள் அழகிய முகம் என்று விளங்கிக்கொள்ளக் கூடும் என்றார். அக்கா, அப்படி விளங்கிக்கொண்டால் நல்லதுதானே. ஈழத்தில் ஓவியப் பாடத்துக்கே சித்திரம் என்றுதான் பெயர், அங்குள்ள ஆசிரியர்களுக்கும் இந்தச் சொல் ஒத்துப்போகிறதா என்று கேட்டுச் சொன்னால் பெரிய உதவி.

தலைப்புச் சொல்லோடு மூன்று துணைச்சொற்களும் வேண்டியிருக்கின்றன. முடிந்த படத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிற வட்டம், முக்கோணம் முதலியவற்றுக்கு ‘அடிவடிவு’. வரைவதற்கு உதவியாக லேசாகப் போட்டுவிட்டுப் பிறகு ரப்பரால் அழித்துவிடும் கோட்டுக்கு ‘சாரக்கோடு’, கட்டட வேலையில் சாரம் கட்டுகிறோமே அந்தச் சாரம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது அவசியம், பல பாடங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் வில்லார் து ஒன்னெகூரின் வரைபடத் தொகுப்பில் மனித முகங்களின் மேலும் விலங்குகளின் மேலும் முக்கோணமும் பிற வடிவங்களும் போட்டுக் காட்டியிருப்பார். அவை உருவத்தை எளிதில் வரைந்து முடிக்க உதவுபவை, அதாவது சாரக்கோடுகள். உருவம் முடிந்தால் அவற்றின் வேலை முடிந்தது. வடிமுகத்தில் முக்கோணம் கடைசிவரை முக்கோணமாகவே நின்று காதாகிறது. 

மூன்றாவது, ஒரு விலங்கை அடையாளம் காட்டுவதற்காக வேண்டுமென்றே அழுத்திக் காட்டுகிற பகுதி. ‘மிகைப்பகுதி’ என்று முதலில் எழுதிவைத்திருந்தேன், இப்போது ‘தூக்கல்’ என்று வைக்க விரும்புகிறேன். ‘உப்பு தூக்கலா இருக்கு’, ‘கலர் கொஞ்சம் தூக்கல்’ என்று எல்லோரும் சொல்கிற சொல்தான். ஆலம்பாடிக்குக் கொம்பு தூக்கல், யானைக்கு மத்தகம் தூக்கல், தேன்கரடிக்கு மூஞ்சி தூக்கல். ஒரு முகத்தில் ஒரே ஒரு தூக்கல்தான் இருக்க வேண்டும், இரண்டு வைத்தால் கேலிச்சித்திரம் ஆகத் தொடங்கிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பேச்சுச் சொல்லைக் கலைச்சொல்லாக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். ஆக்கலாம். தச்சர், கொத்தனார், சமையல்காரர் வாயிலிருந்து எடுத்த சொற்களுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது, அதனால் கையேட்டிலிருந்து ஒரு பத்தியை அப்படியே தருகிறேன். ஆடு நம் ஊர் ஆடு, இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிற சேலம் கருப்பு:

‘வெள்ளாட்டு வடிமுகம் போடலாம். முதலில் தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சாரக்கோடு, லேசாக. முகத்துக்கு அடிவடிவு ஒரு நீண்ட சரிவகம், அகலமான பக்கம் மேலே. கண்கள் சரிவகத்தின் உள்ளே வேண்டாம், இரண்டு ஓரத்திலும் விளிம்பை ஒட்டி வை, ஏனென்றால் ஆடு மேய்ந்துகொண்டே பக்கவாட்டில் பார்க்கிற பிராணி. கண்மணி வட்டம் இல்லை, படுக்கைவசமாக ஒரு செவ்வகம். சந்தேகம் இருந்தால் போய் ஆட்டின் கண்ணைக் கிட்டத்தில் பார். காதுக்கு இரண்டு இலை வடிவம், பக்கவாட்டில் நீட்டிப் பாதி தொங்கவிடு. கொம்பு பின்னால் போகிறது, இரண்டு வளைவு போதும். தாடிக்குத் தலைகீழ் முக்கோணம். முழுவதையும் கறுப்பால் நிரப்பு, கண்ணை மட்டும் மஞ்சளாக விடு. இப்போது தூக்கல் எது என்று நீ முடிவு செய். கண்ணா, தாடியா? ஒன்றைத்தான் எடுக்கலாம். சாரக்கோட்டை அழித்துவிடு.’

இதை இரண்டு ஊர்ப் பிள்ளைகளிடம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன், எந்த இடத்திலும் தடுக்கவில்லை. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் நிறைய, பள்ளியில் படிப்பது தமிழ். ‘வடிமுகம்’ என்றதும் அவர்களும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் ‘சோறு வடிக்கிற வடிதானே?’ என்று தானாகவே கேட்டாள். ‘அடிவடிவு’ மட்டும் சிலருக்குக் ‘கீழே இருக்கிற வடிவம்’ என்று கேட்டது. முகத்தின் அடிப்பகுதியில் இருப்பதை மட்டும் காட்டினார்கள். அந்த ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. ‘கட்டுவடிவு’ என்று ஒரு மாற்று கையில் இருக்கிறது, பூக்கட்டு, பாட்டுக்கட்டு மாதிரி கட்டிச் சேர்ப்பது என்ற பொருளில். ஆனால் கட்டு என்பதற்கும் வேறு பொருள்கள் ஏராளம்.

ஆக, ‘வடிமுகம்’, ‘வடியுரு’, ‘வடிப்பு’, ‘சாரக்கோடு’, ‘தூக்கல்’ ஐந்தையும் மறுப்பு வராவிட்டால் கையேட்டில் எடுத்துக்கொள்கிறேன், விக்சனரியிலும் விளக்கத்தோடு ஏற்றிவிடுகிறேன். ‘அடிவடிவு’, ‘கட்டுவடிவு’ இரண்டில் எது, அல்லது மூன்றாவதாக ஒன்றா என்பதை மட்டும் இந்த இழையில் சொல்லுங்கள். தச்சு வேலை, கல்வேலை தெரிந்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், ஒரு பொருளைப் பூட்டிச் சேர்ப்பதற்கு முன் தனித்தனியாக வெட்டிவைத்திருக்கும் துண்டுகளை அவர்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஜெகதேவி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகளில் நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து